உஷார்! உங்கள் கேமரா பெட்டிக்குள் என்ன ஓடுகிறது தெரியுமா?

சேலம், நாமக்கல் பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள், கோழிப்பண்ணை நடத்துகிறவர்கள், தறிக்கூடம், வெள்ளிப் பட்டறை, லாரி ஷெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும். கேமரா ஒயர்கள் எல்லாம் போய்ச் சேரும் பெட்டி இருக்கிறதல்லவா, டி.வி.ஆர். என்றும் என்.வி.ஆர். என்றும் சொல்கிறோமே, அதன் மெனுவுக்குள் போய் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஃபர்ம்வேர் வெர்ஷன் என்று ஒரு எண் இருக்கும். பக்கத்திலேயே 'பில்டு' என்று ஒரு தேதியும் இருக்கும். அது 2018, 2019 என்று காட்டினால், மாட்டிய நாளிலிருந்து அந்தப் பெட்டியை யாரும் கவனிக்கவே இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

படம்தான் நன்றாகத் தெரிகிறதே, தேதி பழையதாக இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறோம். படம் தெரிவது வேறு, பெட்டி பத்திரமாக இருப்பது வேறு. உங்களுக்குத் தெரிகிற அதே படம் முகம் தெரியாத ஒருவனுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். இந்தப் பயத்தில் அவசரப்பட்டு, யாரோ கொடுத்த பென்டிரைவைச் செருகி அப்டேட் போட்டால் பெட்டியே செத்துப்போகவும் கூடும். அப்போது கேமரா சுவரில் தொங்கும், ஒரு நொடிகூடப் பதிவாகாது. இரண்டு ஆபத்தும் இப்போது நம் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றில் போய் விழக்கூடாது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 28 அன்று பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வாழ்ந்த வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. கொங்குப் பகுதி முழுக்கப் பதறியது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் தோட்டத்துச் சாளையிலோ காட்டுக்கொட்டாயிலோ இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். போலீசும் கேமரா மாட்டச் சொன்னது. பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி என்று எல்லாப் பக்கமும் கம்பத்தில் ஏறி கேமரா கட்டினார்கள். நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம்.

கேமரா பெட்டி என்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் பச்சை போர்டில், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக எட்டுக்கால் சிப் ஒன்று இருக்கும். அதற்குள்தான் பெட்டியை இயக்கும் மென்பொருள் பதிந்திருக்கிறது. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். கரண்ட் வந்ததும் எழுந்திருப்பது, கேமராவிலிருந்து படத்தை வாங்குவது, ஹார்டு டிஸ்க்கில் எழுதுவது, உங்கள் போனுக்கு அனுப்புவது, பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பது எல்லாமே அதன் வேலை. அதில் ஓட்டை இருந்தால் நீங்கள் எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்டு வைத்தும் பயனில்லை. பூட்டைத் தொடாமலே உள்ளே வந்துவிடுவார்கள்.

இது வெறும் மிரட்டல் இல்லை. 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகத்தையே ஒரு கை பார்த்தது. பெரிய வித்தை எதுவும் அதனிடம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் யூசர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டில் கண்ணில் பட்ட கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தது. திறந்த கருவிகளையெல்லாம் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளை ஏவி, டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு எட்டாமல் போயின. இந்த வைரஸை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள் மூன்று பேர். 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியே தெரிந்தது. மிராய் பெட்டியின் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். கரண்ட்டை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் மறுபடி ஆன் செய்தால், சில நிமிடங்களிலேயே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தாக்குதலில் அதிகம் அடிபட்ட பெயர் ஹாங்சோ ஷியோங்மாய் என்ற சீன நிறுவனம். எக்ஸ்.எம். ஐ என்ற ஆப்பில் படம் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த நிறுவனத்தின் போர்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் பெயரில் விற்கப்படுகின்றன. பெட்டியின் முகத்தில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே போர்டு அதுவாக இருக்கலாம். 2018 அக்டோபரில் எஸ்.இ.சி. கன்சல்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்தப் பெட்டிகளைக் குடைந்து பார்த்தது. அட்மினுக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் காலியாக விட்டு விற்கிறார்கள் என்று கண்டது. வாங்கியவருக்குத் தெரியாமல் 'டிஃபால்ட்' என்ற பெயரில் இன்னொரு கணக்கும் உள்ளே இருந்தது. அதன் பாஸ்வேர்டு, அதே ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதியது, அவ்வளவுதான். இவற்றையெல்லாம் விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. அந்தப் பெட்டிகளுக்கு வரும் ஃபர்ம்வேர் கோப்பில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லை. யார் எழுதிய கோப்பைக் கொடுத்தாலும், இது அசலா என்று கேட்காமலே பெட்டி விழுங்கிவிடும்.

பெரிய பிராண்டு என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். ஹிக்விஷன் கருவிகளில் 2017-ல் ஒரு ஓட்டை வெளிவந்தது, 2021 செப்டம்பரில் இன்னொன்று. இரண்டாவது ஓட்டையில் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. சொந்தக்காரருக்கே இல்லாத அதிகாரம் வெளியாளுக்குக் கிடைத்தது. ஓட்டையை அடைக்கும் ஃபர்ம்வேரை நிறுவனம் அப்போதே வெளியிட்டது. ஆனால் கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில் சைஃபர்மா என்ற நிறுவனம் பார்த்தபோது, உலகம் முழுக்க 80,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் அந்த அப்டேட்டைப் போடாமல் அப்படியே திறந்து கிடந்தன. மருந்து வந்துவிட்டது, வாங்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை. 2025 ஜூனிலும் இதே கதைதான். டி.பி.கே. என்ற பெயரில் வரும் டி.வி.ஆர்.களில் முந்தைய ஆண்டு வெளியான ஓட்டை வழியாக மிராயின் வாரிசு ஒன்று பரவுவதாகக் காஸ்பர்ஸ்கி எச்சரித்தது. தொற்று அதிகம் தெரிந்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது.

இதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தைப் பாருங்கள். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளே எடுத்த படங்கள் யூடியூபிலும் டெலிகிராமிலும் ஓடியது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் படங்களைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். விசாரணையில் தெரியவந்த பாஸ்வேர்டு 'அட்மின்123'. அதே ஆண்டு நவம்பர் கடைசியில், தென் கொரியாவில் 1,20,000 கேமராக்களுக்குள் புகுந்ததாக நான்கு பேர் கைதானதை அந்த நாட்டுப் போலீஸ் அறிவித்தது. அவற்றில் வீட்டுக் கேமராக்களும் உண்டு. அங்கேயும் எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள்தான் வழிவிட்டன.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து வீட்டில் அம்மா வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறார். ஒரு கேமரா நேராக அந்த வாசலைத்தான் பார்க்கிறது. நாமக்கல் பண்ணையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்கிறார்கள். முட்டை ரூமுக்கு வைத்த கேமராவில் அவர்கள் குளிக்கும் தொட்டியும் விழுகிறது. செவ்வாப்பேட்டைப் பட்டறையில் எந்த நேரத்தில் வெள்ளி வருகிறது, யார் எடுத்துப் போகிறார்கள் என்பது முழுக்கப் படத்தில் இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர், ஆண்கள் எப்போது வெளியே போகிறார்கள், நாய் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்பதை வேவு பார்க்கத் திருடன் இனி நேரில் வர வேண்டியதில்லை. காவலுக்கு வைத்த கேமராவே அவனுக்கு அத்தனையும் காட்டிக்கொடுத்துவிடும். பண்ணை முதலாளிகள் தயவுசெய்து தொழிலாளர் குடியிருப்பைப் பார்க்கும் கேமராவை இன்றே திருப்பி வையுங்கள். அதற்கு எந்த அப்டேட்டும் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, அப்டேட் போட்டுவிடலாம் என்று எழுந்திருப்பவர்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை.

சேலத்தில் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் ஒருவரின் மேஜையில் மூடி கழற்றிய டி.வி.ஆர். ஒன்றைப் பார்த்தேன். பரமத்திவேலூர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. கரண்ட் கொடுத்தால் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, டி.வி.யில் ஒன்றும் வரவில்லை. அவர் சூடுகாற்றுக் குழாயைப் பிடித்து அந்த எட்டுக்கால் சிப்பை மெதுவாகக் கழற்றினார். சிப்பைப் படிக்கும் புரோகிராமர் கருவியில் வைத்துக் கம்ப்யூட்டரில் திறந்தார். திரையில் மேலிருந்து கீழ்வரை எஃப் எஃப், எஃப் எஃப் என்று ஒரே எழுத்து வரிசை. "பாருங்கண்ணா, இதெல்லாம் அழிச்ச இடம். அழிச்சிருக்கு, திருப்பி எழுதறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு" என்றார். "கோடை மழை ரெண்டு அடிச்சா, அடுத்த வாரம் இப்படித்தானுங்க வந்து நிக்கும்."

அப்டேட் நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். இந்த வகை சிப்பில் பழையதன் மேல் அப்படியே புதியதை எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் பெட்டிக்குள் பழையதும் முழுசாக இல்லை, புதியதும் முழுசாக இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் போனால், மறுபடி ஆன் செய்யும்போது எழுந்திருப்பது எப்படி என்று சொல்லும் முதல் பகுதியே காணாமல் போயிருக்கலாம். நல்ல பெட்டிகளில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஒன்றில் பழையது இருக்க இன்னொன்றில் புதியது ஏறும்; தவறினால் பழையதில் எழுந்துகொள்ளும். விலை குறைந்த பெட்டிகளில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

நம் பக்கத்துக் கரண்ட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். சித்திரை, வைகாசியில் சூறைக்காற்று அடித்து மோகனூர் பக்கம் வாழை சாயும்போது கம்பமும் சேர்ந்து சாயும். தோட்டத்து லைனில் மும்முனை மின்சாரம் மாறும் நேரத்தில் ஒரு வெட்டு வெட்டும். கரண்ட் போகவே வேண்டாம், பக்கத்துக் கிணற்று மோட்டாரைப் போட்டால்கூட வோல்டேஜ் இறங்கி பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். மற்ற நாளில் அது ஒன்றும் செய்யாது. அப்டேட் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் நடந்தால் பெட்டி போச்சு.

அதனால் இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்ஸோ இல்லாமல் அப்டேட் தொடவே தொடாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொன்னால் போதாது. கேமரா பெட்டியின் பிளக் அந்த லைனில்தான் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கும், கேமரா பெட்டி டி.வி. பாயிண்ட்டில் இருக்கும். பேட்டரி பழசாகி, மாறும் நொடியில் ஒரு கண் சிமிட்டு சிமிட்டினாலும் ஆபத்துதான். பராமரிப்பு நிறுத்தத்துக்கு முந்தின நாளோ, வானம் கருத்திருக்கும் மாலையோ வேண்டவே வேண்டாம். திரையில் சதவீதக் கோடு ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றால் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பிடுங்காதீர்கள். அது உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

அடுத்தது தப்பான கோப்பு. கரண்ட் போய்ச் செத்த பெட்டியைவிட இப்படிச் செத்ததைத் தூக்குவது சில நேரம் கஷ்டம். ஒரே பெயர், ஒரே மூடி, ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். 2020 செப்டம்பரில் அமெரிக்கத் தடை இறுகியதும் ஹவாயின் ஹைசிலிகான் சிப்கள் கிடைப்பது அரிதானது. அதுவரை கேமரா பெட்டிகளில் பரவலாக இருந்தவை அவை. தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாறினார்கள். அதே மாடலின் பெயருக்குப் பின்னால் வி2, வி3 என்று ஒரு எழுத்தும் எண்ணும் சேர்ந்தது, அவ்வளவுதான் வெளியில் தெரியும் வித்தியாசம். பழைய சிப்புக்கு எழுதிய ஃபர்ம்வேரைப் புதிய சிப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். மாடல், வெர்ஷன், சீரியல் எண் மூன்றும் அதில் இருக்கும். அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் கோப்பை மட்டும், தயாரிப்பாளரின் இந்திய இணையதளத்திலிருந்து அல்லது அவர்களின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து வாங்குங்கள். பில் இல்லாமல் கிடைத்த, சீனச் சந்தைக்கென்று செய்த பெட்டியில் இங்கிலீஷ் ஃபர்ம்வேரை ஏற்றினால் சில கருவிகள் மொழி பொருந்தவில்லை என்று நின்றுவிடும். அப்படிப்பட்ட பெட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கேமரா மாட்டித் தரும் தம்பிகளிடம் ஒரு பென்டிரைவ் இருக்கும். நாலு வருஷமாகச் சேர்த்த ஃபர்ம்வேர் எல்லாம் அதில் இருக்கும். நல்ல மனதோடுதான் உதவுகிறார்கள். ஆனாலும் கேளுங்கள்: "ஏந்தம்பி, இது எந்த மாடலுக்கு, எங்கிருந்து எடுத்தீங்க?" பதில் தடுமாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். பல இடங்களில் அட்மின் பாஸ்வேர்டு மாட்டியவரிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரே பாஸ்வேர்டைத்தான் அவர் ஊரெல்லாம் போட்டிருக்கிறார். உங்கள் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். அவருக்குத் தனியாக ஒரு யூசர் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

போனில் வரும் அப்டேட் செய்தியை நம்பவே நம்பாதீர்கள். போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான், கல்யாணப் பத்திரிகை என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைப்பது நாடு முழுக்க நடக்கிறது. உங்கள் கேமரா ஆப் காலாவதியாகிவிட்டது, இதை இன்ஸ்டால் செய்யுங்கள் என்று அதே பாணியில் ஒன்று வந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். ஆப் அப்டேட் பிளே ஸ்டோரில் மட்டும். கம்பெனியிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

புதிதாக வந்த ஃபர்ம்வேரை முதல் நாளே போடுவதும் வேண்டாம். பெரிய நிறுவனங்களே கோட்டை விட்டிருக்கின்றன. 2020-ன் கடைசி நாள் ஷாவ்மி தன் எம்.ஐ. ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அனுப்பியது. போட்டவர்களின் போன் ஆன் ஆகவே இல்லை. நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியது. வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக இந்திய வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான கோப்பு உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் சாம்சங்கின் விலை உயர்ந்த சவுண்ட்பார் ஒன்று ஃபர்ம்வேர் அப்டேட்டில் செத்தது. அதனால் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது என்றிருந்தால் தள்ளிப்போட வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். புது வசதி, புது மெனு என்று மட்டும் இருந்தால் ஒரு மாதம் பொறுத்து, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடலாம். பெட்டி வாரம் ஒருமுறை தானாக நின்று போகிறது, புது ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்ளவில்லை என்பது போன்ற கோளாறுகளுக்கும் புதிய ஃபர்ம்வேர் பல நேரம் தீர்வு தரும். நாலைந்து பெட்டி வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். முக்கியமில்லாத ஒன்றில் போட்டு ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். போடுவதற்கு முன், தேவையான பதிவுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பெட்டியின் செட்டிங்கை 'எக்ஸ்போர்ட்' செய்து வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

அப்டேட் ஏறி, படம் வந்துவிட்டதா? நிம்மதியாக எழுந்து போகாதீர்கள். மிகப் பெரிய ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சில பெட்டிகளில் அப்டேட்டுக்குப் பின் செட்டிங் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். லைவ் படம் ஜோராக ஓடும், ரெக்கார்டிங் அட்டவணை மட்டும் அணைந்திருக்கும். நேர மண்டலம் சீன நேரத்துக்குப் போயிருக்கும். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு இரண்டு மணிக்குச் சுவர் ஏறிக் குதித்தவன் பதிவில் நாலரை மணிக்கு வருவான். ஆறு மாதம் யாரும் கவனிக்காமல் ஓடி, ஒரு திருட்டு நடந்து போலீஸ் வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

நேரம் தப்பாக இருப்பது சாதாரண விஷயமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது அதனுடன் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது நீங்கள், கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்னொரு பகுதியை நிபுணர் தர வேண்டும். கருவி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது என்று நீங்கள்தான் உறுதி சொல்கிறீர்கள். கடிகாரம் இரண்டரை மணி நேரம் தப்பிய பெட்டியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதே அந்த இடத்தைத்தான். பெட்டிக்குள் இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்திருந்தாலும் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி எங்கேயோ போய் நிற்கும். அந்தப் பேட்டரிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, மாற்றிவிடுங்கள்.

ஆகவே அப்டேட் முடிந்ததும் பெட்டியின் நேரத்தைப் போனின் நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து 'பிளேபேக்' போய், சற்று முன் நீங்கள் வாசலில் நடந்தது பதிவாகியிருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கேமராவாகப் பாருங்கள். பாஸ்வேர்டு பழையபடி காலியாகிவிட்டதா, தெரியாத யூசர் யாராவது உள்ளே இருக்கிறார்களா, வெளியிலிருந்து பெட்டிக்கு வழிவிடும் யு.பி.என்.பி., போர்ட் ஃபார்வர்டு ரூட்டரில் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்து அடைத்துவிடுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் முந்தைய இரவுப் பதிவை ஒருமுறை ஓட்டுங்கள். ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த வேலையை அப்பாவிடம் விடாதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது நீங்களே உட்கார்ந்து செய்துவிட்டுப் போங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சி.சி.டி.வி. கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தச் சோதனைக்கான எஸ்.டி.க்யூ.சி. சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். மாடல் எண்ணோடு காட்டச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பதற்காகப் பழைய ஸ்டாக்கையோ பில்லில்லாத பெட்டியையோ தலையில் கட்டப் பார்ப்பார்கள். எத்தனை வருஷத்துக்கு ஃபர்ம்வேர் தருவீர்கள் என்ற கேள்விக்கு வாய் திறக்காத கடையில் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சுவரில் இருக்கும் பழைய பெட்டிகளுக்கு இந்த விதி கவசம் இல்லை. தயாரித்த கம்பெனியே இல்லை, ஃபர்ம்வேர் எங்கும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியிலிருந்து நெட் ஒயரை இப்போதே கழற்றிவிடுங்கள். போனில் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியாள் உள்ளே வர வழி இருக்காது. புதுப் பெட்டிக்குப் பணம் சேரும் வரை அது போதும். பழைய கேமராவும் ஒயரும் பெரும்பாலும் புதுப் பெட்டியிலும் ஓடும், முழுவதையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேல் பெட்டி அப்டேட்டில் செத்துவிட்டால் பதறி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். செத்தது போர்டில் உள்ள மென்பொருள்தான். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பழைய பதிவு அப்படியே இருக்கும். சிப்பைக் கழற்றி மறுபடி எழுதத் தெரிந்தவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள், அதே மாடலின் அசல் கோப்பு கிடைத்தால் பெட்டி எழுந்துவிடும். அதுவரை அந்த டிஸ்க்கை வேறு பிராண்டு பெட்டியில் மாட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அது ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' அழுத்திவிட்டால் போலீசுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.